ஸ்விஃப்டுக்குப் புரொஜெக்டர் ஹெட்லைட்: மாட்ட இரண்டு நாள், மட்டம் பார்க்க மூன்று வாரம்

2023 ஐப்பசியில் ஒரு ராத்திரி தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு வந்துகொண்டிருந்தேன். வடுவூர் தாண்டியதும் எதிரே ஒரு டி.வி.எஸ். 50. ஓட்டி வந்தவர் சட்டென்று வண்டியை ஓரங்கட்டி, ஒரு காலை மண்ணில் ஊன்றி, முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். பின்னால் ஒரு அம்மா, மடியில் பை. நான் பிரைட்டில் வருகிறேனோ என்று ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தேன். டிம்தான். கடந்து போனபோது கண்ணாடி வழியே அவர் ஏதோ சொன்னது தெரிந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று எழுத வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் என் 2009 மாடல் ஸ்விஃப்ட் டீசலில் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, ஒரு கடையில் சொன்னதை நம்பி எல்இடி பல்பு போட்டிருந்தேன். வெள்ளை வெளேரென்று வெளிச்சம், பக்கத்துப் புளியமரத்தின் உச்சாணிக் கிளைகூடத் தெரிந்தது. மரத்து உச்சி தெரிகிறதென்றால் வெளிச்சம் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது என்று அப்போது உறைக்கவில்லை.

ஸ்விஃப்டில் இருப்பது எச்-4 பல்பு. பிரைட் 60 வாட், டிம் 55 வாட், ஒரே பல்புக்குள் இரண்டு இழை. டிம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி ஒரு குட்டித் தகடு இருக்கும். அது கீழே போகிற வெளிச்சத்தை மறைத்துவிடும். அதனால் ஹெட்லைட் கிண்ணத்தின் மேல் பாதி மட்டும் வேலை செய்து, வெளிச்சத்தைச் சாலைக்கு இறக்கும். இழை இருக்கிற இடத்தையும் அதன் பருமனையும் வைத்துத்தான் அந்தக் கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும் வார்க்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒளிரும் சிப் ஒட்டிய எல்இடி பல்பை வைத்தால், இழை இருக்க வேண்டிய புள்ளியிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் தள்ளி ஒளி கிளம்புகிறது. கிண்ணத்துக்கு அது போதும், கண்டபடி வாரி இறைத்துவிடும். முன்பெல்லாம் போலீஸ்காரர்கள் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். அது மொத்த வெளிச்சத்தில் கொஞ்சம் குறைக்குமே தவிர, மேலே போவதைக் கீழே திருப்பாது.

மறுநாளே பழைய பல்பை மாட்டினேன். மறுபடியும் அதே மங்கல் மஞ்சள். அறுவடை மிஷினும் பின்விளக்கில்லாத வைக்கோல் டிராக்டரும் போகிற சாலையில் அதை வைத்து ஓட்டுவதும் பயம்தான். புரொஜெக்டர் யோசனை அப்படி வந்தது.

புரொஜெக்டரின் சூட்சுமம் ரொம்ப எளிது. ஒளி கிளம்புகிற இடத்தைச் சுற்றி நீள்வட்டக் கிண்ணம். அது ஒளியைச் சிதறவிடாமல் முன்னால் ஒரு புள்ளியில் குவிக்கும். அந்தப் புள்ளியில் ஒரு தகடு நிற்கும். அதற்கு முன்னால் குண்டு லென்ஸ். தகட்டின் விளிம்பைத்தான் லென்ஸ் தலைகீழாகச் சாலையில் வரைகிறது. அதனால்தான் கத்தியால் வெட்டியது மாதிரி, மேலே இருட்டு கீழே வெளிச்சம் என்று ஒரு கோடு விழுகிறது. பிரைட் போட்டால் ஒரு சின்ன காந்தச்சுருள் அந்தத் தகட்டை இழுத்துச் சாய்த்துவிடும். கோடு மறைந்து மொத்த வெளிச்சமும் மேலேறும். டிம்மும் பிரைட்டும் ஒரே லென்ஸில் என்பது இப்படித்தான்.

எச்ஐடி செனான் (இழைக்குப் பதில் வாயு ஒளிர்கிற பல்பு) வைப்பதா எல்இடி வைப்பதா என்று இரண்டு நாள் யோசித்தேன். செனானுக்கு பேலஸ்ட் (வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற பெட்டி) வேண்டும், பல்பைப் பற்றவைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஒரு சொடுக்கு, அந்த வயரை மழையில் காப்பாற்ற வேண்டும். இரண்டரை அங்குல லென்ஸ் வைத்த எல்இடி புரொஜெக்டரே போதும் என்று முடிவு செய்தேன். வெளிச்சத்தின் நிறம் 5000 கெல்வினுக்கு மேல் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தேன். நீலம் பாய்ந்த 6000 கடையில் பார்க்க நன்றாக இருக்கும். கார்த்திகை மழையில் நனைந்த தார்ச்சாலையில் ஒன்றும் தெரிகிறதில்லை என்பது என் அனுபவம்.

வண்டியோடு வந்த ஹெட்லைட்டைத் தொடவில்லை. சென்னை போனபோது புதுப்பேட்டையில் ஒரு ஜோடி பழைய ஸ்விஃப்ட் ஹெட்லைட் வாங்கி வந்தேன். ஒன்றில் வண்டியோடு மாட்டுகிற காது உடைந்திருந்தது, பிளாஸ்டிக் வெல்டிங் செய்துகொண்டேன். இதற்குக் காரணம் இரண்டு. கெடுத்தால் பழைய சாமான்தான் கெடும். இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியில் கை வைக்கக் கூடாது என்கிறது. ஹெட்லைட்டும் அதில் அடங்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 2024-இல் பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது பழைய ஜோடியை மாட்டிக்கொண்டுதான் போனேன். இதைச் சொல்லாமல் விட்டால் மீதியைச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஹெட்லைட்டின் முன்கண்ணாடி உண்மையில் பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். பின்கூட்டின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஓடும், அதில் பியூட்டைல் பசை. சூடு பட்டால் இளகும். சிலவற்றில் இளகாத பசை போட்டிருப்பார்கள், அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தது இளகுகிற ரகம். 100 டிகிரி சூட்டில் ஏழெட்டு நிமிஷம் வைத்தால் போதும். எங்கள் வீட்டு ஓவனுக்குள் ஸ்விஃப்ட் ஹெட்லைட் நுழையாது. தெருமுனை பேக்கரியில் கேட்டுப் பார்த்தேன்.

"பன்னு வேகுற அடுப்பு தம்பி இது. பிளாஸ்டிக் நாத்தம் ஏறுச்சுன்னா அப்புறம் எவன் வாங்குவான்?"

நியாயம்தான். அவர் அடுப்பின் சூட்டில் ஹெட்லைட்டும் பன் மாதிரி உப்பியிருக்கும். பாலிகார்பனேட் சுமார் 140 டிகிரியைத் தாண்டினால் உருக்குலையத் தொடங்கிவிடும். கடைசியில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, ஒரு ஓரத்தில் ஓட்டை போட்டு ஹீட் கன், உள்ளே சமையலறைத் தெர்மாமீட்டர். பெட்டி பக்கத்தை விட்டு நகரவே இல்லை, வாளித் தண்ணீரும் தயாராக வைத்திருந்தேன். முதலில் ஓரத்துத் திருகாணிகளையும் கிளிப்புகளையும் கழற்றிவிட வேண்டும். ஒன்றை மறந்துவிட்டு நெம்பி, கிளிப் தெறித்து மாமரத்தடியில் விழுந்தது.

இளகிய பசை பலாப்பழப் பால் மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும். பலாவுக்குக் கையில் எண்ணெய் தடவுகிற பழக்கத்தில் இங்கே எண்ணெயைக் கொண்டுபோகக் கூடாது. வாய்க்காலில் எண்ணெய் பட்டால் திரும்ப ஒட்டாது. இன்னொன்று: உள்ளே பளபளக்கிற கிண்ணம் இருக்கிறதே, அதன் மேல் இருப்பது மூச்சுவிட்டால் போகிற அளவு மெல்லிய அலுமினியப் பூச்சு. காது உடைந்த ஹெட்லைட்டில் ஒரு தூசியைப் பனியன் துணியால் துடைத்தேன். தூசி போகவில்லை, பூச்சு போய்விட்டது. விரலில் வெள்ளி நிறம். புரொஜெக்டர் வந்த பிறகு கிண்ணத்துக்கு வேலை இல்லை என்பதால் தப்பித்தேன்.

சரி, திறந்தாயிற்று. தபாலில் வந்த புரொஜெக்டரை எடுத்தேன். மாட்டுவதற்கு முன் ஒரு பழைய பேட்டரியில் இணைத்து அறைச் சுவரில் அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. கோடு அழகாக விழுந்தது. இடது பக்கம் மட்டமாக வந்து, நடுவில் ஒரு முழங்கை மடிப்பு, அதன்பின் வலது பக்கம் சாய்வாக ஏறியது.

கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் இடது பக்கம் போகிறவர்கள். கோடு இடது பக்கம் ஏற வேண்டும், நடந்து போகிறவரையும் கிலோமீட்டர் கல்லையும் காட்டுவதற்கு. வலது பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும், எதிரே வருகிறவரின் கண் அங்கேதான் இருக்கிறது. எனக்கு வந்திருந்தது வலது பக்கம் போகிற நாட்டுக்கான ஜோடி. மாட்டி, கண்ணாடி ஒட்டி, மட்டமும் பார்த்திருந்தால் எதிரே வருகிற ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராக அந்த ஏற்றம் போயிருக்கும். எவ்வளவு இறக்கினாலும் தீராது. ஆர்டரில் இடது, வலது என்று கேட்கவே இல்லை; நானும் கேட்கவில்லை. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கப் பதினொரு நாள். இதற்குள் அளவு பார்க்கிறேன் பேர்வழி என்று பம்பரையும் கழற்றிப் போட்டிருந்தேன் (இந்த மாடலில் பம்பரை எடுக்காமல் ஹெட்லைட் வெளியே வராது). பல் போன கிழவன் மாதிரி வண்டி போர்டிகோவில் நின்றது. வீட்டில் தினமும் ஒரு தடவை விசாரித்தார்கள்.

இரண்டாவது ஜோடி சரியாக இருந்தது. எச்-4 பல்பு நுழைகிற ஓட்டை வழியாகவே புரொஜெக்டரின் மரைத் தண்டு பின்னால் வரும், அதில் ஒரு பெரிய நட் போட்டு இறுக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். கண்ணாடியை ஒட்டுவதற்கு முன்பே, திறந்த கூட்டை வண்டியில் மாட்டி, சுவரில் கோடு மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு லென்ஸைச் சுழற்ற முடியாது. ஏற்ற இறக்கத்துக்குத் திருகாணி உண்டு, கோட்டின் சாய்வைத் திருத்த ஒன்றுமே கிடையாது. நான் ரசமட்டத்தைச் சுவரில் வைத்து மட்டமாக்கிவிட்டு நட்டை இறுக்கினேன். நட்டோடு சேர்ந்து புரொஜெக்டரும் ஒரு துளி சுழன்றது. சுவரில் வலது முனை இறங்கிவிட்டது. மூன்று தடவை இதே கதை. நாலாவது தடவை வலது முனையை வேண்டுமென்றே கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டு இறுக்கினேன். சுழன்று வந்து மட்டத்தில் நின்றது.

வயரிங்குக்கு எலெக்ட்ரிஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். எச்-4 சாக்கெட்டில் மூன்று முனை. சில வண்டிகளில் ஸ்விட்ச் பாசிட்டிவ் பக்கம் இருக்கும், சில வண்டிகளில் நெகட்டிவ் பக்கம். அது தெரியாமல் ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச்) போட்டால் ஒன்றும் எரியாது. டெஸ்ட் லேம்பை எடுத்து மூன்று முனையிலும் தொட்டு ஒரே நிமிஷத்தில் பிரித்துச் சொல்லிவிட்டார். ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேர் வயர், 87-லிருந்து புரொஜெக்டருக்கு, 85-உம் 86-உம் பழைய சாக்கெட்டுக்கு. எல்லாம் முடிந்தது. டிம் போட்டோம், எரிந்தது. பிரைட்டுக்குத் தட்டினேன். உள்ளே 'டக்' என்று சத்தம், வெளிச்சம் போயே போய்விட்டது.

அண்ணன் சிரித்துவிட்டார். எச்-4 வண்டியில் பிரைட் போட்டால் டிம் இழைக்குப் போகிற கரன்ட் நின்றுவிடும், அதுதான் முறை. ஆனால் புரொஜெக்டரில் டிம்தான் விளக்கே. பிரைட் என்பது தகடு நகர்கிற வேலை மட்டும். விளக்கு அணைந்துவிட்டது, தகடு மட்டும் விசுவாசமாக நகர்ந்திருக்கிறது. இரண்டு வயரிலிருந்தும் ஆளுக்கொரு 1என்4007 டயோடு வைத்து ரிலேவுக்குக் கொடுத்தார். எது போட்டாலும் விளக்கு எரியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரன்ட் திரும்பி ஓடாது. பத்து ரூபாய்க்குள் முடிந்த வேலை, தெரியாமல் ராத்திரி ரோட்டில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

போகிறபோது அண்ணன் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பழைய சாக்கெட்டில், ஹாலஜன் எரியும்போது, 11.6. பதினாலு வருஷத்து ஸ்விட்சும் வயரும் மீதியைத் தின்கிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மடமடவென்று விழும். அநேகமாக வோல்ட்டின் மூன்றரை அடுக்கு (பவர்) கணக்கில். கணக்குப் போட்டால், ரிலே மட்டும் போட்டு 13.4 கொடுத்திருந்தால் அதே ஐம்பது ரூபாய் பல்பில் ஒன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சம் வந்திருக்கும். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க?" என்றார். இதைப் படிக்கிற யாருக்காவது ஹெட்லைட் மங்கல் என்று குறை இருந்தால் முதலில் சாக்கெட்டில் வோல்ட் பாருங்கள். பெட்டியும் ஹீட் கன்னும் வேண்டியிருக்காமலே போகலாம்.

ஒட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பசையோடு புதுப் பியூட்டைல் கயிறும் வைத்து, சூடாக்கி, அழுத்தி, கிளாம்ப் போட்டேன். புளித்த வாடை அடிக்கிற சிலிகானை உள்ளே பயன்படுத்தக் கூடாது. காய்கிறபோது வருகிற ஆவி கண்ணாடியில் படியும். வெளிப்பக்கம் மட்டும் பூசலாம் என்று பூசினேன். உற்சாகத்தில் பின்புறத்து மூச்சுத்துளையையும் சேர்த்து மூடிவிட்டேன். மறுநாள் காலை வலது ஹெட்லைட்டுக்குள் பனி. ஹாலஜனாக இருந்தால் அதன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். எல்இடியின் சூடு பின்பக்கம் போகிறது, கண்ணாடி சில்லென்றே இருக்கிறது. துளையைக் குத்தித் திறந்துவிட்ட பிறகு சரியானது.

இதுவரை ஆனது இரண்டு நாள் வேலை, காத்திருந்த நாட்களைக் கழித்தால். மீதிதான் மூன்று வாரம்.

டிம்மின் கோடு மட்டமாகப் போகக் கூடாது, கொஞ்சம் சரிந்து போக வேண்டும். ஹெட்லைட் 80 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிற வண்டிகளுக்கு ஐ.நா. ஒழுங்குமுறை 48 சொல்வது 1 முதல் 1.5 சதவீதச் சரிவு. அதாவது பத்து மீட்டருக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் இறக்கம். என் வண்டியில் லென்ஸ் நடு 68 சென்டிமீட்டர் உயரத்தில். ஒரு சதவீதம் வைத்தால் கோடு 68 மீட்டரில் தரையைத் தொடும். 1.2 வைத்தால் 56 மீட்டர் சொச்சம். அறுபது வேகத்தில் அது மூன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. நம் ஊர்ச் சாலைக் குண்டுகுழியில் வண்டி மூக்கைத் தூக்கும் என்பதால் 1.2 என்று வைத்துக்கொண்டேன்.

முதல் முயற்சி வீட்டில். வண்டி போர்டிகோவில், எதிர்வீட்டு மதில் ஆறு மீட்டரில். மதிலடியிலிருந்து 68 அளந்து ஒரு கோடு, அதிலிருந்து ஏழு சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு, அதில் வெளிச்சத்தை வைத்தாயிற்று. அன்று ராத்திரி வடுவூர் சாலையில் வந்த முதல் லாரி மூன்று தடவை லைட் அடித்தது. இரண்டாவது லாரி அடித்துவிட்டு பிரைட்டிலேயே வைத்துக்கொண்டு போனது. டி.வி.எஸ். 50 நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டேன்.

காரணம் தெருவில் இருந்தது. வருஷா வருஷம் தாருக்கு மேல் தார் போட்டு எங்கள் தெரு வீட்டை விட உயர்ந்துவிட்டது. எதிர்மதிலின் அடி, என் போர்டிகோவின் தளத்தை நீட்டினால் வருகிற இடத்தை விட 9 சென்டிமீட்டர் மேலே. நான் இறக்கியது ஏழு. ஆக, வெளிச்சம் மேல் நோக்கி இரண்டு சென்டிமீட்டர் ஏறியபடி போயிருக்கிறது. ஆறு மீட்டரில் ஏழு சென்டிமீட்டரைத் தேடுகிற வேலையில் தரையை நம்பி ஏமாந்திருக்கிறேன்.

இந்த ஒன்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கொத்தனாரின் லெவல் டியூப். பக்கத்து வீட்டில் கம்பவுண்டு கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், எவ்வளவு தூரத்தில் பிடித்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலும் பொய் சொல்லும். அவர் குழாயைத் தட்டித் தட்டிக் குமிழியை வெளியேற்றியதைப் பார்க்க வேண்டும், குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி.

"வீட்டுக்குத்தான் மட்டம் பாப்பாங்க. காருக்குமா தம்பி?"

அடுத்த இடம், ஊருக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லின் நெல் காயவைக்கிற களம். மார்கழி, சம்பா அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது, களம் காலி. பார்க்கக் கண்ணாடி மாதிரி சிமெண்டுத் தரை, ஒரு ஓரத்தில் வெள்ளைச் சுவர். மில்லுக்காரர் தாராளமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். டியூப்பைப் பிடித்தபோதுதான் தெரிந்தது, மழைத்தண்ணீர் வடிய வேண்டுமே, களம் சுவர்ப்பக்கம் சரிந்திருந்தது.

இங்கே அரை நாள் குழம்பினேன். அப்புறம்தான் ஒன்று விளங்கியது. சரிவு இருந்தால் பரவாயில்லை. வண்டி நிற்கிற சரிவும் சுவர் வரை போகிற சரிவும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒன்றாக இருந்தால் தரையிலிருந்து அளந்தாலே சரி, வண்டியும் அதே சாய்வில்தானே நிற்கிறது. அதனால் மூன்று இடத்தில் டியூப் பிடித்தோம்: பின்சக்கரம், முன்சக்கரம், சுவரடி. பின்சக்கரத்துக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே 239 சென்டிமீட்டர். அதில் இறக்கம் 1 சென்டிமீட்டர். முன்சக்கரத்திலிருந்து சுவர் 8.2 மீட்டர். அதே சரிவு தொடர்ந்திருந்தால் அங்கே 3.4 இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தது 5. வாய்க்கால் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சரித்திருக்கிறார்கள். வித்தியாசம் 1.6. ஆக, லென்ஸ் உயரக் கோடு சுவரடியிலிருந்து 69.6. லென்ஸிலிருந்து சுவர் 7.5 மீட்டர், 1.2 சதவீதத்துக்கு இறக்கம் 9. வெளிச்சக் கோடு 60.6-இல். சாக்பீஸால் போட்டேன்.

நடுக்கோடு பிடிக்க, வண்டியின் முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் அகலத்தை அளந்து நடுவில் டேப் ஒட்டி, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு டேப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற இடத்தைச் சுவரில் குறித்தேன். அங்கிருந்து இரு பக்கமும் லென்ஸ்களின் இடைவெளியில் பாதி பாதி. அந்தச் செங்குத்துக் கோடுகளில்தான் முழங்கை மடிப்பு உட்கார வேண்டும். டயரில் காற்று சரி பார்த்தாயிற்று, டேங்க் பாதி, ஸ்டியரிங் பக்கத்து லெவல் குமிழ் பூஜ்யத்தில். ஓட்டுநர் இருக்கையில் எனக்குப் பதிலாக மில்லின் நெல் மூட்டை ஒன்று, பெல்ட்டும் போட்டுவிட்டோம். இடது ஹெட்லைட்டைச் சாக்குப்பையால் மூடி வலதை வைத்தேன், பிறகு மாற்றி. ஸ்க்ரூடிரைவரைக் கால் சுற்று திருப்பினாலே சுவரில் கோடு இரண்டு விரல் அகலம் நகர்கிறது. ஒரு திருகு ஏற்ற இறக்கம் மட்டும், இன்னொன்று இடவலம் மட்டும் என்று நினைத்தால் தப்பு. ஒன்றைத் திருகினால் மற்றதும் துளி நகர்ந்துவிடும். நாலைந்து சுற்று மாற்றி மாற்றிப் பார்த்தபோது பனி இறங்க ஆரம்பித்துவிட்டது.

மத்திய மோட்டார் வாகன விதி 106-இல் ஒரு அளவு இருக்கிறது: விளக்குக்கு முன்னால் 8 மீட்டர், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். அந்த இடத்தில் இருக்கிற கண் கூசக் கூடாது. ஒன்பதாவது படிக்கிற தங்கை மகனுக்குக் கண் ஏறக்குறைய அந்த உயரம்தான். வண்டியைச் சுவரை விட்டுத் திருப்பி அவனை நிற்கவைத்தேன்.

"கூசல மாமா. லென்ஸ் தெரியுது, வெள்ளையா, நிலா மாதிரி."

"அப்படியே குந்தி, தலையையும் தாழ்த்து."

குந்தினான். "ஐயோ!" என்று கையால் மறைத்தான். கோட்டைத் தாண்டிக் கீழே வந்துவிட்டான். கோடு எவ்வளவு கூர்மை என்று அவனை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. குந்தி எழுந்து குந்தி எழுந்து கொஞ்ச நேரம் விளையாடினான்.

அன்று திரும்பி வந்த சாலையில் எதிரே வந்த எந்த லாரியும் லைட் அடிக்கவில்லை. இடது ஓரத்து வெள்ளைக் கோடு தூரத்துக்குத் தெரிந்தது. ஒன்று மட்டும் பழக நாளானது. கோட்டுக்கு மேலே சுத்தமான இருட்டு. மேட்டில் ஏறுவதற்கு முன்போ பள்ளத்தில் இறங்கும்போதோ வெளிச்சம் சட்டென்று முன்னால் முடிந்துவிடும். ஹாலஜனில் கொஞ்சம் சிதறி மேலே போகும், பெயர்ப்பலகைகூடப் படிக்கலாம்; இதில் பிரைட் தட்டித்தான் படிக்க வேண்டும். இன்னொன்று, பானட்டுக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று இருப்பதால் நிறைய வெளிச்சம் இருப்பதாக மனசு நம்பிவிடும். பக்கத்து வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கினால் தூரம் இன்னும் இருட்டாகத்தான் தெரியும். வேகத்தைக் கூட்டச் சொல்லித் தூண்டுகிற வெளிச்சம் அது.

தையில் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து பேர், டிக்கி நிறைய சீர்ப் பாத்திரம். பட்டுக்கோட்டை சாலையில் மறுபடியும் லாரிகள் லைட் அடித்தன. பின்னால் பாரம் ஏறியதில் மூக்கு தூக்கிக்கொண்டது. லெவல் குமிழை 3-க்குத் திருப்பினேன், நின்றுவிட்டது. அந்தக் குமிழ் வண்டியில் எதற்கு இருக்கிறது என்று பதினாலு வருஷம் யோசித்ததே இல்லை.

மூன்று மாதம் கழித்துக் களத்துக்குப் போய்ப் பார்த்தபோது வலது பக்கம் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. புதுப்பேட்டை ஹெட்லைட்டின் திருகாணிக்குப் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் குமிழ்மூட்டு தேய்ந்திருக்கிறது. புரொஜெக்டரின் எடை அதற்குக் கூடுதல். இப்போதைக்கு ஏற்றி வைத்திருக்கிறேன், மூட்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.

சுவரில் நான் போட்ட சாக்பீஸ் கோடு மழையில் போய்விடுமென்று மில்லுக்காரர் அதன் மேல் நீலப் பெயிண்டால் இழுத்து வைத்திருக்கிறார். வண்டி நிறுத்த வேண்டிய இடத்திலும் நாலு சக்கரத்துக்கு நாலு புள்ளி. இனி தன்னுடைய பொலேரோவையும் அதே கோட்டில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். அதன் விளக்கு உயரம் வேறு, அந்தக் கோடு உதவாது என்றேன். "அப்ப டியூப்ப எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கெழம வந்துருப்பா" என்று சொல்லியிருக்கிறார். கொத்தனாரிடம் மறுபடி கேட்க வேண்டும்.